ஒரு ஜீப்பின் பூர்வோத்தரம்

ரிஷிமூலமும் நதிமூலமும் விசாரிக்கலாகாது என்று சொல்லிவைத்த பெரியவர்கள், அந்த வரிசையில் ஜீப்பின் மூலத்தையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால், சென்ற மாசி மாதத்தில் குமாரபாளையத்துத் தறிக்கொட்டகை ஒன்றின் பின்புறம், நூல் மூட்டைகளுக்கும் கழித்துப்போட்ட பாவு பீம்களுக்கும் இடையில், மண்ணெண்ணெய் தோய்த்த துணியும் கம்பிப் பிரஷுமாக ஒரு வாரகாலம் நான் மல்லாந்து கிடந்திருக்க மாட்டேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்த உத்தியோகம் எப்படி வாய்த்தது என்று கேட்பவர்களுக்கு, பழைய வண்டிகளின்மேல் சிறுவயது முதலே எனக்கு ஒரு சபலம் உண்டு என்பதைத் தவிர வேறு சமாதானம் சொல்லத் தெரியவில்லை.

கொட்டகைக்கு உரியவர் எழுபதைக் கடந்தவர். தகப்பனார் காலத்தில் கைத்தறியாக இருந்ததை விசைத்தறியாக்கி, லுங்கியும் துண்டும் நெய்து பிழைத்தவர். தார்ப்பாயை விலக்கி வண்டியைக் காட்டியபோது, "இது யுத்தத்துக்குப் போன வண்டிங்க வாத்தியாரே. எங்கய்யன் மிலிட்டரி ஏலத்துல எடுத்தது" என்றார். அதற்கு முந்திய மாதம் வந்துபோன சேகரிப்பாளர் ஒருவர், முகப்பில் தட்டைக் கம்பிகளை வரிசையாகப் பற்றவைத்த ஆதி வடிவம் இது என்று மட்டும் ருசுவானால் கேட்கிற விலையைக் கொடுப்பதாக ஆசை காட்டிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது முகப்பில் கம்பிகள் இல்லை. ஆனால் முன்னே இருந்து பின்னே மாறியிருக்கலாம் அல்லவா? "நீங்க படிச்சவங்க, இங்கிலீஷ் புஸ்தகமெல்லாம் பாத்து ஒரு முடிவு சொல்லுங்க" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் வைத்தார்.

அந்தக் கம்பி முகப்புக்கு அப்படி என்ன மகத்துவம் என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். 1940-இல், ஐரோப்பாவில் யுத்தம் முற்றிக்கொண்டிருந்த சமயத்தில், அமெரிக்க ராணுவம் மேடுபள்ளம் பாராமல் ஓடக்கூடிய கால் டன் வண்டி ஒன்று வேண்டுமென்று அறிவித்து, மாதிரி வண்டியை 49 நாளில் ஒப்படைக்கவேண்டும் என்று கெடுவும் விதித்தபோது, அந்தக் கெடுவுக்குள் செய்துமுடித்தது பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்ற ஊரில் நொடித்துப்போகும் தறுவாயில் இருந்த பாண்டம் என்ற சிறு கம்பெனிதான். அதற்காக வரவழைக்கப்பட்ட கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினியர் சில நாட்களில் படம் போட்டுக்கொடுக்க, செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டி ராணுவ முகாமின் வாசலில் போய் நின்றது. ஆனால் பெற்றவளுக்குப் பிள்ளையை வளர்க்கும் பாக்கியம் வாய்க்கவில்லை. சிறு கம்பெனியால் ஆயிரக்கணக்கில் செய்து தரமுடியாது என்று கருதிய ராணுவம், அந்தப் படங்களை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு பெரிய கம்பெனிகளுக்கும் கொடுத்தது. 60 குதிரைச் சக்தி எஞ்சினின் பலத்தால் வில்லிஸ் போட்டியில் வென்றது. பாண்டம் கம்பெனி கடைசியில் ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் செய்து காலம் தள்ளியது.

1941-இன் இறுதியில் வில்லிஸ் கம்பெனி எம்.பி. என்ற பெயரில் வண்டிகளை வெளியிடத் தொடங்கியபோது, முதலில் வந்த சுமார் 25,000 வண்டிகளுக்கு முகப்பு, தட்டை இரும்புச் சட்டங்களைத் தனித்தனியே பற்றவைத்துச் செய்ததாக இருந்தது. வில்லிஸ் ஒன்றினால் மட்டும் யுத்தத்தின் பசி தீராது என்று அதே வண்டியைச் செய்யும்படி ஃபோர்டையும் அரசாங்கம் பணித்தது. ஃபோர்டுக்காரர்கள் சிக்கனக்காரர்கள். சட்டம் சட்டமாகப் பற்றவைக்கும் வேலைக்கூலியை மிச்சப்படுத்த, ஒரே தகட்டை அச்சில் அடித்து ஒன்பது கீற்றுத் துவாரங்களோடு முகப்பாக்கிவிட்டார்கள். அது மலிவாகவும் லேசாகவும் இருந்தபடியால் 1942-இல் வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது. உலகம் முழுவதும் வில்லிஸின் முகம் என்று கொண்டாடும் முகம், உண்மையில் அதன் போட்டிக் கம்பெனியின் கைவேலை என்பது எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை. இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து தள்ளின. அந்தக் கடலில் கம்பி முகப்பு வண்டி ஒரு கைப்பிடி. ஆகவேதான் இந்த விலை, இந்த ஆசை.

குமாரபாளையத்து வண்டியின் முகத்தில் இருந்தவை ஏழு கீற்றுகள். யுத்த காலத்து முகத்துக்கு ஒன்பது; 1945-இல் குடிமக்களுக்கென்று வந்த வண்டியில்தான் அது ஏழாயிற்று. போதாக்குறைக்கு, பானெட் வழக்கத்தைவிட உயர்ந்து, முகம் தூக்கிக் கட்டிய கொண்டைபோல இருந்தது. புது எஞ்சினுக்கு இடம் போதாமல் பானெட்டை உயர்த்திய சி.ஜே.3பி என்ற அந்த வடிவம் பிறந்தது 1953-இல். அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோனபிறகும் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி பல பத்தாண்டுகள் அதை விடாமல் செய்துவந்தது. ஸ்டியரிங் வலப்புறம். எஞ்சினோ, பெட்ரோல் குடிக்கிற பழைய எஞ்சினே அல்ல. எண்பதுகளில் மஹிந்திரா ஜீப்புகளுக்கு வந்த பிரெஞ்சு தேசத்துப் பெஜோ டீசல் எஞ்சின், இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் வாயில் 'பீஜோ'. யுத்தத்துக்குப் போன வண்டி என்ற பேச்சு முதல் நாளிலேயே அடிபட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் முன் பம்பரின் அடியில் அரை அங்குலத் தடிப்புக்கு இறுகிக் கிடந்த கிரீஸையும் புழுதியையும் சுரண்டிக்கொண்டிருந்தபோது, சேஸிஸின் இரு கொம்புகளையும் இணைக்கிற குறுக்குச் சட்டம் வெளிப்பட்டது. வில்லிஸில் இது உருண்டைக் குழாயாக இருக்கும்; ஃபோர்டில் கவிழ்த்துவைத்த தொட்டிபோல மூன்று பக்கம் மூடிய சட்டமாக இருக்கும். கையால் தடவினேன், உருளை அல்ல. ஒரு கீழ்மூலையில், துரு தின்றதுபோக மிஞ்சிய போல்ட்டுத் தலை ஒன்றில், வளைந்த வாலோடு ஆங்கில எஃப் எழுத்து! தான் செய்த பாகங்களில், போல்ட்டுகள் உள்பட, ஃபோர்டு கம்பெனி தன் முதலெழுத்தைப் பொறித்துவைத்தது. ஒருமுறை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலைக்குப் போய், பாறையில் சேர மன்னர்களின் பெயரைத் தமிழ் பிராமியில் எழுத்துக் கூட்டிப் படித்தபோது உண்டான அதே படபடப்பு, ஒரு துருப்பிடித்த போல்ட்டின் முன்னால் எனக்கு உண்டாயிற்று என்று சொன்னால் சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

இடப்புறச் சட்டத்தின் மேல்பரப்பில் ஃபோர்டு கம்பெனி வண்டி எண்ணை நேரே இரும்பில் அடித்திருக்கும். எண்ணுக்கு முன்னால் ஜி.பி.டபிள்யூ. என்ற மூன்று எழுத்துக்கள்: அரசாங்க வண்டி, 80 அங்குலச் சக்கர இடைவெளி, வில்லிஸின் அமைப்பு என்பது அவற்றுக்கு முறையே பொருள். இங்கே அந்த இடத்தில் யாரோ ஒரு பட்டறைக்காரர், சட்டம் விரிசல் விட்டதென்று ஒரு ஒட்டுத் தகட்டை வைத்துப் பற்றவைத்து, மேடுபள்ளத்தைக் கிரைண்டரால் சமன் செய்திருந்தார். ஜி, பி என்ற இரண்டு எழுத்தும், கடைசியில் மூன்று இலக்கமும் மட்டும் தப்பின. நடுவில் இருந்த இலக்கங்களோடு வண்டி பிறந்த மாதமும் போயிற்று. அதே சட்டத்தின் பக்கவாட்டில் எதற்கும் உபயோகமில்லாத சில போல்ட்டுத் துவாரங்கள் தெரிந்தன. ஸ்டியரிங் பெட்டி ஒருகாலத்தில் இடப்புறம் இருந்ததற்கு அவையே சாட்சி.

அன்று சாயங்காலம் முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே, "ஆமாங்க, லெஃப்ட் ஹேண்ட் டிரைவுங்க! எங்கம்மா வலது பக்கத்துல உக்காந்து வருவாங்க. தூரத்துல இருந்து பாக்கறவங்க, கவுண்டச்சி வண்டி ஓட்டிக்கிட்டு வர்றாங்கன்னு சொல்லிச் சிரிப்பாங்க" என்றார். பிறகு சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு ராத்திரி எஞ்சின் நின்றுபோக, அவருடைய தகப்பனார் பானெட்டைத் தூக்கி, ஒரு திருகைத் தளர்த்தி, ஹெட்லைட்டை அப்படியே பின்பக்கமாகத் திருப்பி, அந்த வெளிச்சத்திலேயே ரிப்பேர் பார்த்தாராம். "லைட்டு எஞ்சினப் பாத்து எரிஞ்சுதுங்க. எனக்கு அப்ப ஆறேழு வயசு. வேற எந்த வண்டியிலயும் அப்படி நான் பாத்ததே இல்லீங்க."

அவர் பார்த்திருக்க முடியாது. ஹெட்லைட்டைக் கீல் வைத்துத் திரும்பும்படி அமைத்தது யுத்தகாலத்து ஜீப்பில் மட்டுமே. 1945-இன் குடிமக்கள் வண்டியில் பெரிய விளக்கு வந்தபோதே அந்தக் கீல் போய்விட்டது. இரும்பு மறந்துபோன சங்கதியை, ஆறு வயதுப் பிள்ளையின் கண் அறுபத்தைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தது. புஸ்தகங்களையும் போல்ட்டுகளையும்விட எனக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய ஆதாரமாகப் பட்டது. அவருக்கோ தான் சொன்னது ஒரு சாட்சியம் என்பதே தெரியாது.

ஆக, எலும்பு ஃபோர்டு; யுத்தத்துக்குப் போனதோ இல்லையோ, யுத்தத்துக்காகப் பிறந்தது. முகம் எங்கிருந்து வந்தது? பின்பக்கத் தகட்டில் நீலப் பெயிண்டைச் சுரண்டினால் பச்சை. பச்சையைச் சுரண்டினால் சந்தன நிறம். அதற்கும் கீழே, கோணல்மாணலான வெள்ளை எழுத்தில், 'யத்து யூனி' என்று நான்கைந்து எழுத்துக்கள். பஞ்சாயத்து யூனியன்! பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப்பின் தொட்டி, அதாவது உடம்பு, அது. பின்னாளில் ஊராட்சி ஒன்றியம் என்று தமிழ்ப்பெயர் பெற்ற அந்த ஸ்தாபனம் சென்னை ராஜ்யத்தில் உருவானது 1958-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி. பழைய பெயரே எழுதியிருப்பதால், எழுதிய பெயிண்டர் எந்தக் காலத்தவர் என்பதை ஒருவாறு ஊகிக்கலாம். இலக்கண வாத்தியாராக இருந்ததற்கு ஒரு பெயிண்ட் படலத்தினிடம் கிடைத்த பிரயோஜனம் இது.

சமுதாய வளர்ச்சித் திட்டம் தேசமெங்கும் 1952 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கப்பட்டபின், கிராமத்துக்கு அரசாங்கம் என்பது ஜீப்பின் உருவத்திலேயே வந்தது: விதைநெல், அம்மைப்பால், குடும்பக் கட்டுப்பாடு, மலேரியா மருந்து, எல்லாம். மஹிந்திரா கம்பெனி லூதியானாவில் தொடங்கப்பெற்றதும் ஓர் அக்டோபர் 2-ஆம் தேதிதான், 1945-இல். அப்போது அதன் பெயர் மஹிந்திரா அண்டு முஹம்மத். பங்காளியாக இருந்த குலாம் முஹம்மத் பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே கவர்னர் ஜெனரலாகவே ஆனார். கம்பெனி 1948-இல் பெயரை மாற்றிக்கொண்டு ஜீப் செய்வதில் முனைந்தது. அதே 1948-இல்தான், காஷ்மீர்ப் போருக்கு 2,000 பழைய ஜீப்புகளைச் செப்பனிட்டு வாங்க லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்த கிருஷ்ண மேனன் செய்த ஒப்பந்தம், 155 வண்டிகள் மட்டும் வந்துசேர்ந்து, அவையும் உதவாதவை என்று தள்ளப்பட்டு, சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் வழக்காகப் பேசப்பட்டது. நம்முடைய முதலாளியின் தகப்பனாருக்கு அந்தச் செய்தி நன்றாக நினைவிருந்ததாம். தன் வண்டி 'லண்டன் ஜீப் இல்லை' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஆணையிட்டுச் சொல்வாராம்.

ஆர்.சி. புத்தகமும் பார்த்தேன். அசல் தொலைந்து, பிரதியாக வாங்கியது. தயாரித்தவர் என்ற இடத்தில் வில்லிஸ் என்று எழுதியிருந்தது. அதை எழுதிய குமாஸ்தாவின்மேல் குற்றமில்லை. நம் ஊர்களில் பழைய ஜீப் என்றாலே வில்லிஸ்தான், வனஸ்பதிக்கெல்லாம் டால்டா என்பதுபோல. வருஷம் 1944. கம்பி முகப்பின் காலம் 1942-லேயே முடிந்துபோனதால் இந்த ஒரு வரியே சேகரிப்பாளரின் ஆசையில் மண்ணைப் போடப் போதும். ஃபோர்டு ஒருநாளும் ஜி.பி.டபிள்யூ. வண்டிக்குக் கம்பி முகப்பு வைத்ததில்லை என்பதால், போல்ட்டில் இருந்த எஃப் எழுத்து அதை முன்பே தீர்த்துவிட்டிருந்தது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, இந்த வண்டிக்குப் பல வருஷம் வைத்தியம் பார்த்த சங்ககிரி மேஸ்திரி ஒருவரைப் பார்க்கப் போனேன். எண்பதை எட்டிய அவர், நான் பாதி படிக்கும்போதே கையமர்த்தினார். "தொட்டி மாத்துனது நாந்தானுங்க. பழசு கீழ வாய்க்காத் தண்ணி ஓட்டுற அளவுக்கு ஓட்டை. யூனியன் ஆபீஸ்ல ஏலத்துக்கு வந்துச்சு, எடுத்து மாட்டுனோம். பீஜோ எஞ்சின் வெச்சது எம்பையன். இதுல என்னங்க ஆராய்ச்சி?" என்றார். கம்பி முகப்புக்கு வந்த விலையைப் பற்றிக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு பிரகாசம். "கம்பிதானுங்களே வேணும்? ரெண்டே நாள். தட்டைப் பட்டைய அளவுக்கு வெட்டி வெல்டிங் போட்டுத் தர்றேன். அமெரிக்காக்காரன் வந்தாலும் கண்டுபுடிக்க மாட்டான்."

அவர் வஞ்சகர் அல்லர். அவர் வாழ்கிற பிரதேசத்தின் நியாயம் அது. எண்ணூரிலிருந்தோ ஒசூரிலிருந்தோ வெறும் சேஸிஸாக, டிரைவர் வெட்டவெளியில் உட்கார்ந்து காற்றிலும் மழையிலும் ஓட்டிவரும் லாரிக்கு, நாமக்கல்லில் தச்சரும் டிங்கரும் பெயிண்டரும் சேர்ந்து கேபினும் தொட்டியும் கட்டி, நெற்றியில் குலதெய்வத்தின் பெயரெழுதி அனுப்புகிறார்கள். திருச்செங்கோட்டில் அதே சேஸிஸின்மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கை ஏற்றி வடதேசமெல்லாம் அனுப்புகிறார்கள். கம்பெனி கொடுப்பது எலும்பும் இருதயமும். உடம்பு இங்கே கட்டப்படுவது. சர்க்காரின் ஆர்.சி. புத்தகமே சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வெவ்வேறாகத்தான் குறித்துக்கொள்கிறது. உடம்புக்கு எண் கிடையாது. இப்படி ஒரு பூமியில் பிறந்து வளர்ந்த தொழிலாளியிடம் போய், 'தொழிற்சாலையிலிருந்து வந்த அதே கோலத்தில் இருக்கிறதா?' என்று கேட்பது, ஆற்றைப் பார்த்து இதிலே எந்தத் தண்ணீர் குடகில் இறங்கியது, எது பவானியோடு வந்தது என்று கேட்பதற்குச் சமானம். கேள்வி சேகரிப்பாளருடையது, இந்த மண்ணுக்கு அது இரவல்.

இருந்தாலும் மேஸ்திரியின் யோசனைக்கு நான் இணங்கவில்லை. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களை அழித்துவிடாமல் குறித்துவைத்தார். அதனால்தான் இன்று நாம் எந்தக் கை எங்கே பட்டது என்று விவாதிக்க முடிகிறது. யூனியன் ஆபீஸ் தொட்டி ஒரு பாடபேதம்; பீஜோ எஞ்சின் இன்னொன்று. வண்டி ஓடவேண்டும் என்ற நேர்மையான அவசியத்தால் வந்தவை அவை. விலைக்காக வைக்கிற கம்பி முகப்பு இடைச்செருகல். முதலாளியிடம் இதை இவ்வளவு இலக்கணமாகச் சொல்லவில்லை. "கம்பி வெச்சா, உங்கய்யன் லைட்டைத் திருப்பிப் பாத்த வண்டி இல்லாமப் போயிருமுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் தார்ப்பாயை இழுத்து மூடினார். அடுத்த வாரம் சேகரிப்பாளருக்குப் போன் செய்து, ஃபோர்டு சேஸிஸ், மஹிந்திரா தொட்டி, பிரெஞ்சு எஞ்சின் என்று உள்ளபடியே சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார். சேகரிப்பாளர் பிறகு வரவில்லை.

எனக்கு இன்னும் ஆறாத குறை, கிரைண்டருக்குப் பலியான அந்த நடு இலக்கங்கள்தாம். சேலம், நாமக்கல், ஈரோடு ஜில்லாக்களில் கொட்டகைகளிலும் தோட்டத்துச் சாளைகளிலும் இப்படிப்பட்ட வண்டிகள் இன்னும் பல தூங்குகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்தமுறை டிங்கரிங்குக்கோ பெயிண்டுக்கோ பட்டறையில் விடுமுன், சேஸிஸின் இடப்புறச் சட்டத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எண் அடித்திருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வதுபோலவே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். அந்தக் காகிதத்தின் பின்புறத்தில், வண்டியை முதலில் யார் எங்கே வாங்கினார் என்பதை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு நான்கு வரி எழுதிவைத்தால் இன்னும் உத்தமம்.